டூமா, டூம் 2-ஆ? லெவல்களை வைத்து ஒரு முடிவு

துப்பாக்கியோடு ஓடி எதிரிகளைச் சுடும் பழைய கணினி ஆட்டங்களான டூம், டூம் 2 இரண்டும் இப்போது ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. 2024 ஆகஸ்டில் வந்த பதிப்பில் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். ஆகவே எதை வாங்குவது என்ற குழப்பம் இல்லை. எதை முதலில் ஆடுவது, ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதை எடுப்பது, சொந்தமாக லெவல் கட்டிப் பார்க்க நினைப்பவர் எதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என்பவைதான் கேள்விகள்.

இரண்டுக்கும் எஞ்சின், அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருள், ஒன்று. ஓடும் வேகம் ஒன்று. டூமில் இருந்த ஆயுதங்கள் எல்லாமே டூம் 2-இலும் உண்டு, கூடுதலாக ஒரே ஒரு புதுத் துப்பாக்கி. ஒப்பிடுவதற்கு மிச்சமிருப்பது லெவல்களும் அவற்றில் வரும் எதிரிகளும்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை ஆடாதவர் டூமில்தான் தொடங்க வேண்டும், அதுவும் முதல் அத்தியாயத்தில். லெவல் கட்டப் போகிறவருக்கு டூம் 2 தவிர்க்க முடியாதது, ஆனால் அதை முதல் லெவலில் இருந்து கடைசி லெவல் வரை வரிசையாக விழுங்கத் தேவையில்லை. காரணம் கொஞ்சம் நீளமானது.

முதலில் கையில் என்னென்ன கருவிகள் இருந்தன என்று பார்க்கலாம். டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனமே உருவாக்கி 1992-இல் வந்த உல்ஃபென்ஸ்டைன் 3டி-யில் சுவர்கள் எல்லாம் செங்கோணம், தரை எங்கும் ஒரே மட்டம், வெளிச்சம் எங்கும் ஒரே அளவு. 1993 டிசம்பர் 10 அன்று டூம் வந்தபோது சுவரை எந்தக் கோணத்திலும் வைக்கலாம், தரையையும் கூரையையும் ஏற்றி இறக்கலாம், ஒவ்வொரு பகுதிக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம் என்று ஆகிவிட்டது. ஆனால் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறையைக் கட்ட முடியாது. ஆடுபவரால் குதிக்க முடியாது, அண்ணாந்து பார்க்கவும் முடியாது. ஆக, வடிவமைப்பாளரிடம் இருந்தவை உயரம், வெளிச்சம், அறையின் வடிவம், ஜன்னல் வழியே எதைக் காட்டுவது என்ற தேர்வு. இந்த நான்கையும் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதில்தான் இரண்டு ஆட்டங்களும் பிரிகின்றன.

டூமின் முதல் அத்தியாயமான நீ-டீப் இன் த டெட், ஒன்பது லெவல்கள் கொண்டது. பெரும்பாலும் ஐடி-யின் வடிவமைப்பாளர் ஜான் ரொமேரோ செய்தது. இந்த அத்தியாயத்தை இலவசமாக விநியோகித்தார்கள். பிடித்திருந்தால் மீதி இரண்டு அத்தியாயங்களைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதாவது முழு ஆட்டத்தின் விற்பனையும் இந்த ஒன்பது லெவல்களின் தோளில்தான் இருந்தது. அந்தக் கவனம் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது.

முதல் லெவலான ஹேங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளுக்குள் ஒரு ஜன்னல் வருகிறது. வெளியே திறந்த முற்றம், நடுவில் நச்சுக் குளம், அதில் பளிச்சென்று ஒரு நீலக் கவசம். போக வழி தெரியவில்லை. நீங்கள் உள்ளே போகிறீர்கள், பச்சை நச்சுத் திரவத்தின் மேல் வளைந்து வளைந்து செல்லும் பாலத்தைக் கடக்கிறீர்கள், எதிரே மேடையில் நின்று இம்ப் என்ற எதிரிகள் நெருப்பு எறிகின்றன. லெவல் முடியப் போகிறது. ஆனால் அந்த முற்றத்துக்குப் போகும் வழி ஒன்று ரகசியமாக இருக்கத்தான் செய்கிறது. அதைக் கண்டுபிடித்து வெளியே வந்து, சற்று முன் நாம் நின்று எட்டிப் பார்த்த ஜன்னலை இப்போது மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது, இந்த இடம் முழுவதும் ஒரே துண்டாக மனதில் உட்கார்ந்துவிடுகிறது.

இது தற்செயல் இல்லை. ரொமேரோ தனக்கென்று வைத்திருந்த விதிகளைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். தரையின் படத்தை மாற்றினால் உயரத்தையும் மாற்ற வேண்டும். இருட்டும் வெளிச்சமும், இடுக்கும் வெளியும் மாறி மாறி வர வேண்டும். வெளிப்புறம் கண்ணில் பட்டால் எப்படியாவது அங்கே போக முடிய வேண்டும். எளிதில் அடையாளம் தெரிகிற இடங்கள் சில இருக்க வேண்டும். ஒரே இடத்துக்கு ஆடுபவர் பலமுறை திரும்பி வர வேண்டும், அப்போதுதான் அந்த வெளியைப் புரிந்துகொள்வார்.

கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. சாவி தேடி வந்த வழியே திரும்ப நடப்பது பொதுவாக அலுப்பான வேலை. ஆனால் இந்த அத்தியாயத்தில் ஏழாவதாக வரும் கம்ப்யூட்டர் ஸ்டேஷனில் அது அலுப்பதில்லை. ஒரு சாவியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, முன்பு காலியாக விட்டுவந்த கூடத்தில் புதிதாக ஏதாவது நிற்கிறது, அல்லது முன்பு பூட்டியிருந்த கதவு இப்போது குறுக்கு வழியாகிறது. தெரிந்த இடம் திடீரென்று தெரியாத இடமாக மாறும்போது வரும் பயம், புது அறைக்குள் நுழையும்போது வரும் பயத்தைவிட ஆழமானது. சாவியைத் தொட்டதும் விளக்கு அணைந்து, பின்னால் சுவர் திறக்கும் சத்தம் மட்டும் கேட்கும் அந்தக் கணத்தை ஆடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நான் ஒரு சோதனை வைத்துக்கொள்வதுண்டு. ஆட்டத்தை மூடிவிட்டு, ஒரு தாளில் லெவலின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து பார்ப்பது. முதல் அத்தியாயத்தில் அநேகமாக எல்லா லெவல்களையும் என்னால் ஓரளவு வரைய முடிகிறது. டூம் 2-இல் முப்பத்திரண்டு லெவல்கள் இருந்தும் ஏழெட்டுக்கு மேல் வரவில்லை. அவ்வளவு முறை ஆடியிருந்தும் வரவில்லை. ஆனால் டூம் 2-இன் சண்டைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் மணிக்கணக்கில் சொல்வேன். முதல் ஆட்டம் ஞாபகத்தில் ஒரு கட்டடமாகத் தங்கியிருக்கிறது, இரண்டாவது சம்பவங்களாக.

சரி, டூமிலேயே மீதி இரண்டு அத்தியாயங்கள்? அங்கே கதை கொஞ்சம் வேறு. ஐடி-யின் இன்னொரு வடிவமைப்பாளரான டாம் ஹால் 1993 ஆகஸ்டில் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். வெளியீட்டுக்குப் பத்து வாரம் போல இருக்கும்போது வந்து சேர்ந்தவர் சாண்டி பீட்டர்சன். மொத்தம் 27 லெவல்களில் 19-இல் அவர் கை இருக்கிறது, அதில் எட்டு டாம் ஹால் தொடங்கி வைத்தவை. அந்த அவசரம் சுவர்களில் தெரியும். படங்கள் பொருந்தாமல் நிற்கும், அறைகள் வெறுமையாக இருக்கும். ஆனாலும் பீட்டர்சனுக்கு வேறொரு பலம் இருந்தது. 1981-இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹு என்ற மேசை விளையாட்டை உருவாக்கியவர் அவர். ஆடுபவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, அவர் அடுத்து என்ன நினைப்பார் என்று யோசித்துப் பழகிய மூளை அது.

மூன்றாம் அத்தியாயத்தின் ரகசிய லெவலான வாரன்ஸ் அதற்கு நல்ல சான்று. உள்ளே போனால் அத்தியாயத்தின் முதல் லெவல் அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே முடித்த இடம்தானே என்று வெளியேறும் இடம் வரை அலட்சியமாக நடந்து வருகிறோம். அப்போது சுவர்கள் இறங்குகின்றன, சைபர்டெமன் என்ற ராட்சத எதிரி நிற்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் வேறொரு அழகு: ஒவ்வொரு லெவலை முடிக்கும்போதும் வரும் வரைபடத்தில் ஒரு கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டே வருகிறது. எட்டாம் லெவலில் அந்தக் கோபுரத்துக்குள்ளேயே போய் நிற்கிறோம். ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒரு படத்தைக் கொண்டே பயத்தை வளர்த்திருக்கிறார்கள்.

இனி டூம் 2.

அது 1994 அக்டோபரில் வந்தது. அதாவது முதல் ஆட்டத்துக்குப் பத்து மாதம் கழித்து. ரொமேரோ அப்போது ரேவன் நிறுவனத்தின் ஹெரெடிக் என்ற ஆட்டத்தின் வேலையிலும் இருந்தார், இதில் அவர் செய்தவை ஒரு சிலவே. ஆட்டத்தின் தொடக்கப் பகுதியில் அமெரிக்கன் மெகீ என்ற வடிவமைப்பாளரின் லெவல்கள் நிறைய வருகின்றன, மொத்தத்தில் அதிகம் செய்தவர் பீட்டர்சன். ஆகவே ஆட்டத்தின் குணமே மாறியது. முதல் லெவலான என்ட்ரிவே தொடங்கியதுமே அது தெரிந்துவிடும். நேரே ஓடினால் சண்டை, ஆனால் திரும்பிப் பின்னால் பார்த்தால் செயின்சா கிடக்கிறது. ஹேங்கர் ஜன்னலைக் காட்டி ஆசை மூட்டியது, என்ட்ரிவே உங்கள் பழக்கத்தைச் சோதிக்கிறது.

இன்னும் பெரிய மாற்றம் எதிரிகளில். டூமில் எதிரிகளின் பலத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இம்புக்கு 60 புள்ளி உயிர், டீமனுக்கு 150, கேக்கோடீமனுக்கு 400, அப்புறம் ஒரே தாவலாக பேரன் ஆஃப் ஹெல்லுக்கு 1000. இடையில் ஆளே இல்லை. அதனால் வடிவமைப்பாளர் பயத்தை உண்டாக்க இருட்டையும் வளைவையும் தூரத்தையும்தான் நம்ப வேண்டியிருந்தது. ஒரு சாதாரண இம்பை ஆபத்தாக்க வேண்டுமென்றால் அதை எட்டாத மேடையில் நிறுத்த வேண்டும், அல்லது விளக்கு விட்டு விட்டு எரிகிற அறையில் விட வேண்டும். இந்தப் போதாமைதான் முதல் ஆட்டத்தின் கட்டடக் கலையை வளர்த்தது என்று உறுதியாக நினைக்கிறேன்.

டூம் 2 அந்த ஓட்டையை அடைத்தது. ரெவனன்ட் 300, ஹெல் நைட் 500, அராக்னோட்ரான் 500, மான்குபஸ் 600, ஆர்ச்-வைல் 700. எண்ணிக்கையைவிட முக்கியம், ஒவ்வொன்றும் ஆடுபவரிடம் வெவ்வேறு அசைவைக் கேட்கிறது என்பது. ரெவனன்ட் விடும் ஏவுகணை சில சமயம் நம்மைத் துரத்தி வரும், சுவர் ஓரமாகத் திரும்பி அதை மோதவிட வேண்டும். மான்குபஸ் பக்கவாட்டிலும் சுடுவதால், பழகிய மாதிரி ஒதுங்கினால் அதிலேயே போய் மாட்டுவோம். செயின்கன்னரின் குண்டு பறந்து வருவதில்லை, கண்ணில் பட்ட நொடியே அடிதான், ஆகவே மறைவு வேண்டும். பெயின் எலிமென்டல், லாஸ்ட் சோல் என்ற பறக்கும் மண்டையோடுகளைத் துப்பிக்கொண்டே இருக்கும், தள்ளிப்போட முடியாது. ஆர்ச்-வைல் செத்த எதிரிகளை எழுப்புகிறது. அதன் தீ நம்மைச் சுட்டெரிக்க, நாம் அதன் பார்வையில் இருக்க வேண்டும். அந்த ஒரு விதியால், ஒரு சாதாரணத் தூண் அறையின் மிக முக்கியமான பொருளாகிவிடுகிறது. முதல் ஆட்டத்தில் தூண் பெரும்பாலும் அலங்காரமாகவே இருந்தது.

இதோடு சூப்பர் ஷாட்கன். சாதாரண ஷாட்கன் ஒரு தோட்டாவில் 7 சிதறல்களை விடும், இது இரண்டு தோட்டாவில் 20. ஆனால் மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். நெருங்கிப் போய்ச் சுட்டுவிட்டு விலகு, மறுபடி நெருங்கு என்ற தாளம் இதிலிருந்துதான் வருகிறது. அந்தத் தாளத்துக்கு அகலமான அறைகள் வேண்டும். டூம் 2-இன் வெளிகள் பெரிதானதற்கு இந்த ஒரு துப்பாக்கியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இவை எல்லாம் சேர்ந்து என்ன ஆகும் என்பதை ஏழாவது லெவலான டெட் சிம்பிள் காட்டிவிடுகிறது. ஒரு சதுர முற்றம், சுற்றி ஒரு நடைபாதை, அவ்வளவுதான் கட்டடம். மான்குபஸ்களைக் கொன்றதும் சுவர்கள் இறங்கி அராக்னோட்ரான்கள் வருகின்றன. அவற்றையும் கொன்றால் வெளியேறும் வழி திறக்கிறது. வரைபடமாகப் பார்த்தால் இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஆடும்போது ஒவ்வொரு நொடியும் எங்கே நிற்பது என்று முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிற்பாடு ரசிகர்கள் செய்த லெவல் தொகுப்புகளில் ஏழாவது இடத்தில் இதே வடிவம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம், அந்த அளவுக்கு அது ஒரு முன்மாதிரியாகிவிட்டது.

அடுத்து வரும் ட்ரிக்ஸ் அண்ட் ட்ராப்ஸ் பீட்டர்சனின் மனதை அப்படியே திறந்து காட்டுகிறது. நடுவில் ஓர் அறை, சுற்றிலும் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு புதிர். ஒன்றில் பேரன் ஆஃப் ஹெல் எதிரிகள் கூட்டமாக நிற்க, எதிர்ப்பக்கம் சைபர்டெமன். சுட ஆரம்பித்தால் தோட்டா தீரும். அவர்களுக்குள் சண்டை மூட்டிவிட்டு விலகினால் பாதி வேலை தானாக முடியும். டூம் ஆட்டத்தின் ஒரு விதியை இவ்வளவு நேரடியாகப் பாடமாக்கிய லெவல் முதல் ஆட்டத்தில் இல்லை. 23-ஆவது லெவலில் பீப்பாய்கள் அடுக்கிய வழியில் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பதும் அதே குணம்தான்.

ஆனால் டூம் 2-இன் நடுப்பகுதி எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஆட்டத்தின் துணைத் தலைப்பு ஹெல் ஆன் எர்த், பூமியில் நரகம். பன்னிரண்டாம் லெவலிலிருந்து நகரம் வருகிறது: த ஃபேக்டரி, டவுன்டவுன், சபர்ப்ஸ், டெனமென்ட்ஸ். அறைக்கு மேல் அறை கட்ட முடியாத எஞ்சினில் நகரம் எப்படி வரும்? பெரிய மைதானத்தில் பெட்டி பெட்டியாகக் கட்டடங்களை நிறுத்தியிருக்கிறார்கள். டவுன்டவுனில் ஒரு கட்டடத்துக்குள் ஏறி, எதையோ அழுத்தி, இறங்கி வந்து அடுத்த கட்டடத்தைத் தேடுகிறோம். எந்தத் தெருவும் எந்த வீடும் தெருவாகவோ வீடாகவோ மனதில் பதிவதில்லை. எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற சுதந்திரம் நல்ல எண்ணம்தான். ஆனால் அடையாளச் சின்னம் இல்லாத வெளியில் சுதந்திரம் என்பது வெறும் அலைச்சலாகிவிடுகிறது. ரொமேரோவின் பதினைந்தாம் லெவலான இன்டஸ்ட்ரியல் ஸோன் மட்டும் இதில் விதிவிலக்கு. அங்கே திறந்த வெளியில் உயர வேறுபாடுகள் உண்டு, எங்கிருந்து பார்த்தாலும் நாம் நிற்கும் இடம் தெரிகிறது.

இருபத்து நான்காவதாக வரும் த கேஸமை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதிவேகமாக ஓடும் ஒருவரைக் குறுகிய விளிம்புகளில் நடக்க வைக்கும் லெவல் அது. கடைசி லெவலான ஐக்கான் ஆஃப் சின்னும் அப்படித்தான்: எதிரிகள் வந்து விழுந்துகொண்டே இருக்க, மேடை எழும்பும் சரியான நொடியில் ராட்சத முகத்தின் ஓட்டைக்குள் ராக்கெட்டைச் செலுத்த வேண்டும். அண்ணாந்து பார்க்க முடியாத ஆட்டத்தில் குறிபார்த்தலை முடிவாக வைத்தது பொருந்தவில்லை. அதற்கு முந்தைய லிவிங் எண்ட் அருமையான முடிவாக இருந்திருக்கும். பெரிய குகையொன்றைச் சுற்றிச் சுற்றி இறங்கும்போது, வந்த பாதையும் போகப்போகும் பாதையும் ஒரே பார்வையில் தெரியும்.

இன்னொரு வேறுபாட்டையும் முடிவெடுக்கும் முன் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டூமில் ஒவ்வோர் அத்தியாயம் தொடங்கும்போதும் கையில் பிஸ்டல் மட்டும்தான். எட்டு ஒன்பது லெவல்களுக்கு ஒருமுறை நீங்கள் மறுபடி ஏழையாகிறீர்கள், ஒரு ஷாட்கன் கிடைப்பதே பெரிய சம்பவமாகிறது. டூம் 2-இல் முப்பது லெவல்கள் ஒரே ஓட்டம். இடையில் கதை சொல்லும் வாசகங்கள் வந்தாலும் ஆயுதங்கள் கையிலேயே இருக்கும். பாதி ஆட்டத்துக்கு மேல் எல்லா ஆயுதமும் நிறையத் தோட்டாவும் சேர்ந்துவிடும், லெவலில் ஒரு பொருளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மதிப்பே இல்லாமல் போகும். இதற்கு ஒரு மருந்து உண்டு: ஒவ்வொரு லெவலையும் பிஸ்டலும் 50 தோட்டாவுமாகத் தொடங்குவது. ரசிகர்கள் இதை பிஸ்டல் ஸ்டார்ட் என்பார்கள். அப்படி ஆடும்போது டூம் 2-இன் பல லெவல்கள் சட்டென்று உயிர் பெறுகின்றன. மெகீயின் அண்டர்ஹால்ஸையும் கான்ட்லெட்டையும் அப்படி ஆடிப் பாருங்கள், எந்தத் துப்பாக்கி எங்கே ஏன் கிடக்கிறது என்பது விளங்கும்.

ஆக, யாருக்கு எது?

ஒரு வார இறுதி மட்டும்தான் இருக்கிறது என்பவர் டூமின் முதல் அத்தியாயத்தை ஆடட்டும். சேமித்து வைக்கும் வசதியைக் குறைவாகப் பயன்படுத்தி, ரகசியங்களைத் தேடி, பொறுமையாக. அதற்கப்புறம் நேரம் இருந்தால் இரண்டாம் அத்தியாயம். மூன்றாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1995-இல் சேர்க்கப்பட்ட நான்காம் அத்தியாயத்தை மட்டும் புதியவர்கள் தொட வேண்டாம். அது இரண்டு ஆட்டங்களையும் கரைத்துக் குடித்தவர்களுக்காகச் செய்தது, தொடக்க லெவல்களே மிகக் கடுமை.

புதிய ஷூட்டர்களை ஆடிப் பழகி, அடிதடிதான் வேண்டும், இடம் சுற்றிப் பார்க்கப் பொறுமை இல்லை என்பவருக்கு டூம் 2 சரி. முதல் பதினோரு லெவல்களைத் தொடர்ச்சியாக ஆடலாம். பிறகு பதினைந்து, அதன் ரகசிய வழியில் போனால் கிடைக்கும் இரண்டு லெவல்கள், இருபது, இருபத்தாறு, இருபத்தொன்பது. மற்றவற்றை விட்டாலும் இழப்பு இல்லை.

லெவல் கட்ட விரும்புகிறவர்கள் டூம் 2-ஐ அடித்தளமாக வைத்துக்கொள்வதே நல்லது. எதிரிகளின் வகை அதிகம், ரசிகர்கள் செய்யும் லெவல்களில் பெரும்பகுதியும் அதற்காகவே செய்யப்படுகிறது. ஆனால் வேலையைத் தொடங்கும் முன் லெவல்களைத் திருத்தும் மென்பொருளான எடிட்டரில் ஹேங்கரைத் திறந்து, அந்த முற்றத்து ஜன்னலை மட்டும் சுவரால் அடைத்துவிட்டு ஒருமுறை ஆடிப் பாருங்கள். எதிரிகள் அதே இடத்தில்தான் நிற்பார்கள், கதவுகளும் அதே இடத்தில்தான். இருந்தாலும் லெவல் பாதியாகச் சுருங்கிவிட்டது போலிருக்கும். அந்தச் சுவரை மறுபடி எடுத்துவிட்டு, அதன் பிறகு உங்கள் முதல் அறையை வரையத் தொடங்குங்கள்.